ஃபர்னஸுக்கும் ஒரு சீட்டுக் கட்டலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

முதன்முறை வீடு வாங்குவோருக்காகக் கடந்த இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். முற்பணம், வட்டி, நில மாற்று வரி எல்லாம் சொல்லப்பட்டிருந்தன. நிலவறை மூலையில் நின்று குளிர்காலத்தில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் யாருக்காவது பயன்படும் என்றே எழுதுகிறேன்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் இந்த வீட்டை 2009இல் வாங்கினோம். 2025 ஜனவரியில், குளிர் மைனஸ் 15க்குக் கீழே போன ஓர் இரவில், ஃபர்னஸ் நின்றுபோனது. மறுநாள் வந்த திருத்துநர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே காற்றைச் சூடாக்கும் வெப்பப் பரிமாற்றி விரிசல் விட்டிருக்கிறது, கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு வீட்டுக்குள் வரலாம் என்றார். ஆபத்து என்று எச்சரிக்கும் சிவப்பு அட்டையைக் கட்டி, எரிவாயுவை அடைத்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உடனடி ஆபத்துள்ள எரிவாயுக் கருவியை ஓடவிட்டுச் செல்ல ஒன்ராறியோ விதிகள் அவரை அனுமதிப்பதில்லை. மாமிக்கு 81 வயது. அவருடைய அறையில் இரண்டு சிறிய மின் ஹீட்டர்களை வைத்தோம். குழாய்கள் உறைந்துவிடாதிருக்கத் தண்ணீரை மெல்ல ஓடவிட்டோம். பிறகு கணவரும் நானும் கோட்டைக் கழற்றாமலே சமையலறையில் இருந்து விலை கேட்கத் தொடங்கினோம்.

ஃபர்னஸ் மட்டும் 5,200 டொலர் என்றார் ஒருவர். இன்னொருவர் ஏசியையும் சேர்த்து 9,400 கேட்டார். ஏசிக்கும் அதே வயது, காற்றைக் குளிர்விக்கும் அதன் சுருளும் ஃபர்னஸுக்கு மேலேதான் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக மாற்றினால் கூலி ஒருமுறைதான் என்று அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. மூன்றாமவர் கையில் காசே வேண்டாம் என்றார். இன்றைக்கே பூட்டித் தருகிறோம், மாதம் 129 டொலர் வாடகை, பத்து ஆண்டுகள். அந்தக் குளிரில் 129 மிகச் சின்ன எண்ணாகத் தெரிந்தது. கணவர் பேனையை எடுத்துப் பெருக்கிப் பார்த்தார்: 15,480 டொலர். வரி தனி, ஆண்டுதோறும் வாடகை ஏறும் என்ற நிபந்தனையும் தனி.

நாங்கள் கையெழுத்து வைக்காததற்குக் காரணம் என் மைத்துனர். அவர் இப்படியொரு வாடகை ஒப்பந்தத்தில் சேர்ந்து, 2023இல் வீட்டை விற்கப் போனபோது, வீட்டின் காணிப் பதிவில் அந்த நிறுவனம் தன் உரிமையைப் பதிந்து வைத்திருந்தது தெரியவந்தது. அதை நீக்க அவர்கள் கேட்ட தொகைக்கு இரண்டு புது ஃபர்னஸ் வாங்கியிருக்கலாம். விற்பனை முடிய வேண்டுமே என்று கட்டினார். வீட்டுக்கு எடுக்கும் இத்தகைய பொருள்களுக்காக அப்படிப் பதிவதை ஒன்ராறியோ அரசு 2024 ஜூனில் சட்டமியற்றித் தடைசெய்தது. அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தடைசெய்யப்பட்டது பதிவு மட்டும்தான். வாடகை ஒப்பந்தம் இன்றும் சட்டப்படி செல்லும்.

கடைசியில் வீட்டின் பேரிலிருந்த கடன் கணக்கிலிருந்து 9,400ஐ எடுத்தோம். இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். என்னை உறுத்துவது இதுதான்: ஃபர்னஸ் சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் ஓடும். பல நிறுவனங்களின் கருவிகளில் தொடரிலக்கத்தைப் பார்த்தே அது செய்யப்பட்ட ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். எங்களுடையது எங்களுக்கு முன்பே அந்த வீட்டில் இருந்தது. ஒருநாள் போகத்தான் போகிறது என்பது தெரிந்த செய்தி. வாங்கிய மாதத்திலிருந்து மாதம் 52 டொலர் ஒதுக்கியிருந்தால், 15 ஆண்டுகளில் ஏறக்குறைய முழுத் தொகையும் கையில் இருந்திருக்கும். பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கும் ஊருக்குப் போய்வரவும் சீட்டுக் கட்டத் தெரிந்த எங்களுக்கு, இதற்குக் கட்ட வேண்டும் என்று தோன்றவேயில்லை. ஃபர்னஸ் செய்யப்பட்ட ஆண்டைப் பார்த்து, அது பழையதென்று தெரிந்தும் வீட்டை வாங்குகிறவர்கள் மாதம் 100, 150 என்று கூடுதலாகவே வைக்க வேண்டும். வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போட்டால் வட்டிக்கும் வரி இல்லை.

அரசு உதவித்தொகை வரும் என்று கணக்குப் போடுபவர்களுக்கும் ஒன்று. மின்சாரத்தில் ஓடி வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் வெப்பப் பம்பு போன்றவற்றுக்கு 5,000 டொலர் வரை தந்த மத்திய அரசின் திட்டம் 2024இன் தொடக்கத்தில் புதிய விண்ணப்பங்களை நிறுத்திக்கொண்டது. அது இருந்த காலத்திலும், வேலை தொடங்குமுன்பே வீட்டின் ஆற்றல் மதிப்பீட்டை முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நடுக்குளிரில் ஃபர்னஸ் செத்தவருக்கு மதிப்பீட்டாளருக்காகக் காத்திருக்க முடியுமா? ஆறுதலாக யோசிக்க ஏற்ற காலம் செப்டெம்பர், ஒக்டோபர். அப்போது மூன்று இடங்களில் விலை எழுதி வாங்கி வைத்தால், பேரம் பேசவும் இடமிருக்கும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அழைக்காமல் வீடு தேடி வந்து ஃபர்னஸோ ஏசியோ விற்பது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் சட்டவிரோதம். நாமே அழைத்து, வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டாலும், ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து பத்து நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே அதை ரத்துச் செய்யலாம். ஆங்கிலத்தில் பத்துப் பக்க ஒப்பந்தத்தை வாசிக்க இயலாத மூத்தவர்கள் பலர் உங்கள் இதழை முதற்பக்கத்திலிருந்து வாசிக்கிறார்கள். இந்த இரண்டு செய்திகளையும் குளிர்காலம் தொடங்குமுன் ஒரு பெட்டிச் செய்தியாக, அவர்கள் கண்ணாடியைத் தேடாமல் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்காபரோ