சர்வர் விழுந்ததுக்கு அந்தப் பையன் மட்டுமா காரணம்? எங்க மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய எம்டி சார், டெலிவரி ஹெட் சார், ஹெச்ஆர் மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் சர்வர் விழுந்த அந்த நைட் என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாததில்ல, அதனால முழுக்கதையும் சொல்லப் போறதில்ல. வெள்ளிக்கிழமை எல்லாரையும் கூட்டி வச்ச டவுன்ஹால் மீட்டிங்ல "ஒருத்தரோட கவனக்குறைவால கம்பெனி பேரே போச்சு"ன்னு சொன்னீங்களே, அதுக்காகத்தான் இந்த மடல். பேர் சொல்லல, சரிதான். ஆனா காலியா கெடந்த அந்தப் பையனோட சீட்டை எல்லாருமே திரும்பிப் பாத்தோம் சார்.

அவன் தப்பே பண்ணலன்னு நான் சொல்ல வரல. விடிகாலை ரெண்டே முக்காலுக்கு டிஸ்க் ஃபுல்லுன்னு அலர்ட் மேல அலர்ட்டா வருது, ரெண்டு விண்டோ தொறந்து வச்சுக்கிட்டு டெஸ்ட் சர்வர்ல அடிக்க வேண்டிய டெலீட் கமாண்டை நிஜமா ஓடிட்டு இருக்கற ப்ரொடக்ஷன் சர்வர்ல அடிச்சுட்டான். உடனே அவனே மேனேஜருக்கு போன் போட்டு எழுப்பிச் சொன்னான், மறைக்கல. ஆனா போனதைத் திரும்ப எடுக்க பேக்கப் எங்க சார்? பேக்கப் லைசன்ஸ் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, ரினியூ பண்ணச் சொல்லி மூணு மெயில் போட்டதும் இதே பையன்தான், மூணுக்கும் வந்த பதில் "அடுத்த குவார்ட்டர்ல பாக்கலாம்". ரெண்டு பேர் பாக்க வேண்டிய நைட் ஷிப்ட், அன்னிக்கு அவனுக்கு ஒத்தை ஆளா பதினோராவது ராத்திரி. எதனால நடந்துச்சுன்னு எழுதுற ஆர்சிஏ ரிப்போர்ட்ல இதுல ஒரு வரி இல்ல, "ஹ்யூமன் எரர்"னு முடிச்சுட்டீங்க. பாக்கலாம்னு பதில் போட்டவரும் ஹ்யூமன்தானே, அவரோட எரர் எந்தக் கணக்குல வரும்?

காலையில ஏழு மணிக்கு டீ குடிக்கக் கீழ எறங்கினவன் திரும்பி வந்தப்ப ஆக்சஸ் கார்டு வேலை செய்யல. பேகை செக்யூரிட்டி அண்ணன்தான் கொண்டு வந்து குடுத்தார். டிபன் பாக்ஸ் நாலாவது மாடி பேன்ட்ரியிலயே கெடந்துச்சு, அதை எடுத்துக்கக்கூட மேல விடல. ஒரு வாரம் கழிச்சு நான்தான் கழுவி எடுத்துட்டுப் போய் மேடவாக்கத்துல அவன் ரூம்ல குடுத்தேன், தொறந்துகூடப் பாக்காம கட்டிலுக்கு அடியில தள்ளிட்டான்.

நாம கோடு சேத்து வைக்க டெய்லி யூஸ் பண்ற கிட்லேப் கம்பெனியிலயும் 2017 ஜனவரி 31 ராத்திரி இதேதான் நடந்துச்சு. ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டெலீட் அடிச்சு கிட்டத்தட்ட 300 ஜிபி போச்சு, அஞ்சு விதமா பேக்கப் இருந்தும் எதுவும் ஒழுங்கா கை குடுக்கல. கடைசியில ஆறு மணி நேரம் முன்னாடி அதே இன்ஜினியர் எடுத்து வச்ச காப்பிதான் காப்பாத்துச்சு. அவரை வீட்டுக்கு அனுப்பல, பேரைக்கூட போடல, பேக்கப்பைப் பாத்துக்க யாரையும் பொறுப்பா வைக்காதது எங்க தப்புன்னு ஊரறிய எழுதினாங்க. நீங்க புடிச்சது ஈக்விஃபேக்ஸ் ரூட்டு, கடன் கணக்கு விவரம் வச்சிருக்கற அமெரிக்கக் கம்பெனி அது. அதே 2017ல 14 கோடி பேருக்கு மேல டேட்டா திருடு போனப்ப, அதோட முன்னாள் சிஇஓ அமெரிக்க காங்கிரஸ்ல போய் ஒரு ஊழியர், சாஃப்ட்வேர் ஓட்டையை அடைக்கற பேட்ச் விஷயத்தைச் சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லலன்னு கை காட்டினார்.

அவ்வளவு தூரம் ஏன், நம்ம ரிசப்ஷன்ல கலாம் படம் மாட்டியிருக்கீங்க. 1979 ஆகஸ்ட் 10 எஸ்எல்வி-3 ராக்கெட் கடல்ல விழுந்தப்ப ப்ராஜெக்ட் டைரக்டர் கலாமை விட்டுட்டு இஸ்ரோ தலைவர் சதீஷ் தவானே பத்திரிகைக்காரங்க முன்னாடி உக்காந்ததையும், அடுத்த வருஷம் ஜூலைல ராக்கெட் ஜெயிச்சப்ப கலாமைப் பேச அனுப்பினதையும் ஆண்டு விழாவுல சொன்னதே நீங்கதான் சார், நாங்களும் கை தட்டினோம். போன வருஷம் அந்த சர்வரோட கிளையன்ட் அவார்டு குடுத்தப்ப மேடையில ஆறு பேர் நின்னீங்க, நைட் ஷிப்ட் ஆளு ஒருத்தர் உண்டா? அன்னிக்கு பிரியாணி கூட எங்களுக்கு காலையில ஆறிப் போய்த்தான் வந்துச்சு. சரி, அது பழைய கதை, மன்னிச்சுக்கோங்க.

கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. டவுன்ஹால்ல சொன்னது முழு உண்மை இல்லன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் போடுங்க. ரிலீவிங் லெட்டர்ல "நெக்லிஜென்ஸ்"னு இருக்கற வார்த்தையை எடுத்துட்டு வேற லெட்டர் குடுங்க. அவனை திரும்ப எடுத்துக்கச் சொல்லல, அவனும் வரமாட்டான். புது இடத்துல வெரிஃபிகேஷனுக்கு 15ந்தேதி வரைக்கும்தான் டைம், அதுக்குள்ள அந்த மெயிலும் லெட்டரும் வந்தா ரொம்ப உதவியா இருக்கும். தயவுசெஞ்சு பாருங்க.

இப்படிக்கு,
நாலாவது மாடி நைட் ஷிப்ட்ல இருந்து ஒருத்தன்

பி.கு.: பேக்கப் லைசன்ஸ் இன்னும் ரினியூ ஆகல சார். நேத்து நான் மெயில் போட்டிருக்கேன்.