ஓட்டு கணக்கு

அன்பு பாப்பாவுக்கு அப்பா எழுதுறது,

சிட்டிசன்ஷிப் வாங்கியாச்சு, நவம்பர்ல முதல் ஓட்டுன்னு நீ போன்ல சொன்னதுல இருந்து எனக்கு அந்த ஷானி மிஷன் செங்கல் கட்டடம்தான் ஞாபகம். நான் வந்திருந்தப்போ உன் வீட்ல இருந்து கார்ல கூட்டிட்டுப் போனியே, அதேதான். "கான்சாஸ்ல என்னப்பா இருக்கு, வெறும் புல்லு"ன்னு வழியில சொன்ன. அப்படி இல்லம்மா.

வெறும் புல்லுன்னு முதல்ல நெனச்சவங்க வெளியில இருந்து வந்தவங்கதான். 1541ல கொரோனாடோன்னு ஸ்பெயின்காரர் தங்கம் தேடி வந்தாரு, கெடச்சது புல்லு வேய்ஞ்ச வீடும் சோளக்காடும், வழிகாட்டி பொய் சொல்லிட்டான்னு அவனைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டுத் திரும்பிட்டாங்க. அப்புறம் பிரெஞ்சு வியாபாரிங்க. 1803ல அமெரிக்கா விலைக்கு வாங்குச்சு, 1820ல சர்வே பண்ண வந்த ஸ்டீபன் லாங் குழு இதெல்லாம் பாலைவனம், விவசாயத்துக்கு லாயக்கில்லன்னு எழுதிட்டாங்க. சரி, யாருக்கும் வேணாத நிலம்தானேன்னு கிழக்குல இருந்த பூர்வகுடிகளை இங்க தள்ளுனாங்க. 1838ல இண்டியானால இருந்து பொட்டாவாட்டமி மக்கள் 859 பேரைத் துப்பாக்கி முனையில கூட்டிட்டு வந்தாங்க, வழியிலேயே ஏறத்தாழ 40 பேர் செத்துப் போய்ட்டாங்க, பெரும்பாலும் குழந்தைங்க. உன் வீடு இருக்குற இடமே ஷானிங்கிற பூர்வகுடி மக்களுக்குன்னு எழுதிக் கொடுத்த நிலம்தான். 1854ல அதையும் வெளி ஆளுங்க குடியேறத் திறந்து விட்டாங்க, அடிமை வச்சுக்கலாமா வேணாமான்னு குடியேறுறவங்களே ஓட்டு போட்டு முடிவு பண்ணிக்கோங்கன்னு ஒரு சட்டம்.

இங்கதான் எனக்கு மனசு ஆறல. நான் எத்தனை எலெக்‌ஷன்ல பூத் டியூட்டி பார்த்திருக்கேன்னு உனக்கே தெரியும். சாயங்காலம், விழுந்த ஓட்டுக் கணக்கு எழுதுற 17சி ஃபார்ம்ல ஒரே ஒரு ஓட்டு இடிச்சாலும் டேலி ஆகுற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டோம், பச்சத்தண்ணி குடிக்கத் தோணாது. அங்க 1855 மார்ச் 30ல நடந்த சட்டசபைத் தேர்தல்ல, கணக்கெடுப்புப்படி ஓட்டுரிமை இருந்தது 2,905 பேருக்கு, விழுந்தது 6,307 ஓட்டு! அடிமை முறை இருந்த பக்கத்து மாநிலம் மிசௌரில இருந்து துப்பாக்கியும் கத்தியுமா எல்லை தாண்டி வந்து போட்டுட்டுப் போய்ட்டாங்க. அப்படி ஜெயிச்சவங்க அந்த ஜூலைல உட்கார்ந்து சட்டம் போட்ட இடம்தான் அந்தச் செங்கல் கட்டடம். அடிமையைத் தப்பிக்க வச்சு வெளியில கூட்டிட்டுப் போனா மரண தண்டனை, இல்லன்னா குறைஞ்சது பத்து வருஷம் கடுங்காவல், அடிமை வச்சிருக்க உரிமை இல்லன்னு வாயால சொன்னாலே ஜெயில். கட்டடம் என்னன்னா பூர்வகுடிப் பிள்ளைங்களுக்கான பள்ளிக்கூடம். அதை நடத்துன பாதிரியார் தாமஸ் ஜான்சனே அடிமை வச்சிருந்தாரு, உன் கவுண்டிக்கு, அதான் நம்ம மாவட்டம் மாதிரி, இன்னும் அவர் பேருதான். அந்த ஜன்னல் பக்கம் நான் ரொம்ப நேரம் நின்னதை நீ கால் வலின்னு நெனச்சுட்ட.

பொய் ஓட்டுல பொறந்த சட்டத்தை அடிமை முறை வேணாம்ங்கிற தரப்பு ஏத்துக்கல, டொபீகாங்கிற ஊர்ல தனியா ஒரு அரசாங்கமே அமைச்சாங்க. 1856 மே 21ல அடிமை முறை வேணும்ங்கிறவங்க, எதிர்த்தவங்க இருந்த லாரன்ஸ் ஊரைக் கொள்ளையடிச்சு ஓட்டலைக் கொளுத்துனாங்க, மூணாம் நாள் ராத்திரி அதுக்குப் பழி வாங்க ஜான் பிரவுன் ஆளுங்க அடிமை முறை ஆதரவாளர்ங்க அஞ்சு பேரை வீட்ல இருந்து இழுத்துட்டுப் போய் வாளால வெட்டுனாங்க. பிரவுன் அடிமைத்தனத்தை எதிர்த்தது சரிதான், ஆனா அந்த ராத்திரியை என்னால நியாயப்படுத்த முடியல. 1861 ஜனவரில கான்சாஸ் அடிமை இல்லாத மாநிலமா சேர்ந்துச்சு, ஏப்ரல்ல வடக்கு, தெற்குன்னு உள்நாட்டுப் போர். தப்பி வந்த அடிமைங்களே வடக்குப் பட்டாளத்துல சேர்ந்து 1862 அக்டோபர்ல மிசௌரில இருக்குற ஐலண்ட் மவுண்டுல சண்டை போட்டு ஜெயிச்சாங்க, இதைப் பேரனுக்குக் கண்டிப்பா சொல்லு. அடுத்த வருஷம் ஆகஸ்ட் 21, விடியக்காலைல தெற்குத் தரப்புக் கொரில்லாத் தலைவன் குவான்ட்ரில் சுமார் 400 குதிரைக்காரங்களோட லாரன்ஸுக்குள்ள புகுந்து ஆம்பளைங்க, மீசை முளைக்காத பசங்கன்னு 150 பேருக்கு மேல சுட்டுத் தள்ளிட்டான். நாம மாசசூசெட்ஸ் தெருவுல ஐஸ்கிரீம் சாப்பிட்டோமே, அங்கதான்மா.

மாநிலத்துக்குப் பேர் கொடுத்த கான்சா மக்களையும் 1873ல தெற்கே அனுப்பிட்டாங்க.

ஐடி கார்டு மறக்காம எடுத்துட்டுப் போ. போட்டு முடிச்ச உடனே போன் பண்ணு, இங்க நடுராத்திரியா இருந்தாலும் முழிச்சிருப்பேன்.

அப்பா