பழவேற்காட்டு மாமாவுக்கு, கடலடி வாய்க்கால்கள் பற்றி

அன்புள்ள மாமா,

போன வாரம் தடாவுக்கு வந்தபோது, "ஆறு கடல்ல விழுந்தா அதோட கதை முடிஞ்சுது, அப்புறம் வெறும் சேறுதான்" என்றீர்கள். சாப்பிடும்போது விவாதம் வேண்டாம் என்று அத்தை தடுத்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்.

காளங்கிக்கும் ஆரணியாற்றுக்கும் நீங்கள் சொல்வது பொருந்தும். கங்கைக்குப் பொருந்தாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் மண் கொண்டுவருகின்றன. அதில் ஒரு பங்கு வங்காளக் கரைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கில் சேர்கிறது. அது கலங்கிச் சரிந்தால், சேற்றுநீர் தெளிந்த நீரைவிடக் கனம் என்பதால் தரையை ஒட்டியே ஓடும். அந்த ஓட்டத்தின் தடம் இலங்கைக்கும் தெற்கே, சுமார் 2,500 கிலோமீட்டர் நீள்கிறது.

அந்தத் தடம்தான் கடலடி வாய்க்கால். அதற்குக் கரை கட்டியது யார் தெரியுமா? அந்தச் சேறேதான். கனமான மணல் அடியில் தங்கும். மெல்லிய சேறு மேலேறி, வாய்க்கால் கொள்ளாமல் இருபுறமும் வழிந்து படியும். பூமி சுழல்வதால் நம் வட அரைக்கோளத்தில் ஓட்டம் வலப்பக்கம் ஒதுங்கும். அதனால் பெரும்பாலும் வலக்கரைதான் உசரம். கரை ஏற ஏற அடித்தரையும் ஏறி, கடைசியில் வாய்க்காலே சுற்றுப்புறத்தைவிட மேட்டில் ஓடும். அப்புறம் எத்தனை நாள் தாங்கும்? ஓரிடத்தில் கரை உடைந்து, ஓட்டம் பக்கத்துத் தாழ்வில் இறங்கிவிடும். உடைந்த இடத்தில் சரிவு அதிகம் என்பதால், அங்கிருந்து ஓட்டம் வந்த திசையிலும் தரையை அரித்துக்கொண்டே போகும். நம்ம முகத்துவாரம் தூர்ந்தால் வெட்டித் திறக்கிறோம். அங்கே கைவிட்ட வாய்க்காலைத் திறக்க ஆளில்லை, சேறு மூடிப் புதைந்துவிடும்.

2015இல் ஓர் ஆய்வுக் கப்பல் ஏறக்குறைய கன்னியாகுமரிக்கு நேர் கிழக்கே, 320 கிலோமீட்டர் அகலத்தில் 7 இடங்களில் கடலடியைத் துளைத்தது. வந்தது இதே கதைதான்: பழைய கரைச்சேறு, மேலே மணல், அதற்கு மேல் இன்னொரு வாய்க்காலின் கரை.

"யாரு பார்த்தது?" என்பீர்கள். 2020 ஜனவரியில் காங்கோ ஆற்றின் வாயிலிருந்து கிளம்பிய சேற்றோட்டம் 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. கருவிகளைப் பிய்த்தெறிந்தது, இணையக் கேபிள்களை அறுத்தது. ஓட ஓடக் களைக்கவும் இல்லை. நொடிக்கு 5 மீட்டராக இருந்த வேகம் 8 மீட்டராகக் கூடியது. போகிற வழியில் தரையை அரித்து இன்னும் சேற்றைச் சேர்த்துக்கொண்டதே காரணம்.

அடுத்த முறை வரும்போது கடலடி வரைபடம் காட்டுகிறேன். அத்தை தூங்கிய பிறகு பேசுவோம்.

உங்கள் மருமகன்