பெரியாஸ்பத்திரிக்கும் பெயர் சொல்லாத அந்த அக்காவுக்கும்

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். திண்ணையில் உட்கார்ந்ததும் காபி கேட்டான். அதன் பிறகுதான் இதை எழுதும் தெம்பே எனக்கு வந்தது. மாமன் மகன் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன தம்பி விபத்தில் அடிபட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மறுபடி சொல்ல மனமில்லை.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருந்த ஒரு பணியாளர் அக்காவுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சை முடிந்த இரவில், அம்மா மட்டும் உள்ளே வந்து பார்க்கலாம் என்றார்கள். அம்மா ஓடினாள். அந்த அக்கா வாசலிலேயே மறித்து, "கொஞ்சம் பொறுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெந்நீரில் பஞ்சை நனைத்து, தம்பியின் காதுமடலுக்குப் பின்னால் உறைந்திருந்த ரத்தத்தைத் துடைத்தார். நகக்கண்களில் ஏறியிருந்த ரோட்டு மண்ணை ஒவ்வொரு விரலாக எடுத்தார். கறை படிந்த போர்வையை மாற்றினார். பிறகு வெளியே வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வாயில் இருக்கும் குழாய் மூச்சுக்கு. கழுத்துப் பட்டை, கழுத்து அசையாமல் இருக்க. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்றுதான் கையைக் கட்டியிருக்கிறோம். முகம் வீங்கியிருக்கும், வடிந்துவிடும். அழ வேண்டுமானால் இங்கேயே அழுதுவிடுங்கள். உள்ளே போய் அவனிடம் பேசுங்கள்."

அம்மா பேசினாள். மாடு கன்று போட்டதைக்கூடச் சொன்னாள். அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, பெற்றவள் தன் பிள்ளையை அந்தக் கோலத்திலும் அடையாளம் கண்டு, நின்று பேசிவிட்டு வந்தாள். யாரும் அந்த அக்காவிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை. மருத்துவர்களை நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம். ஆனால் அம்மா சாமி கும்பிடும்போது சொல்வது அந்த அக்காவைத்தான்.

கழுத்தை அசையவிடாமல் பலகையில் ஏற்றிய 108 ஆம்புலன்ஸ் தம்பிகள், முன்பணம் என்ற பேச்சே எடுக்காமல் முதலுதவி செய்து அனுப்பிய தனியார் மருத்துவமனை, ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், எங்கள் மாட்டுக்குப் பால் கறந்து பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார் எல்லோருக்கும் கைகூப்புகிறோம். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரிலிருந்தே இருக்கிறது. எங்கள் வீட்டுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

சரக்கு வேனை ஓரங்கட்டி 108-ஐ அழைத்த ஓட்டுநரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர் சொல்லாமல் போய்விட்டார். அது அவருடைய உரிமை. உதவியவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவே பாதுகாப்புத் தருகிறது; பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதன்படி வந்த விதிகள் சொல்கின்றன. இது தெரியாமல் போலீஸ், கோர்ட் என்று பயந்து விலகிப் போகிறவர்கள் எத்தனை பேர்! ஐயா, நீங்கள் நின்றீர்கள். உங்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

வண்டி ஓட்டிய மாமன் மகன் ஹெல்மெட் போட்டு, தாடைப் பட்டையையும் மாட்டியிருந்தான். கை எலும்பு முறிந்ததோடு தப்பினான். பின்னால் இருந்த தம்பி ஹெல்மெட் போடவில்லை. நான்கு வயதைத் தாண்டிய எவரும் ஹெல்மெட் இல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது என்கிறது சட்டம். நம் ஊரில் பின்சீட்டில் ஹெல்மெட்டோடு யாரைப் பார்க்கிறோம்?

அம்மா கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்திருக்கிறாள். அது அவள் நேர்ச்சை. என்னுடையது இது: எங்கள் தெருவிலிருந்து வண்டியில் கல்லூரிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும், பின்னால் உட்காருபவருக்கான ஹெல்மெட்டை நான் வாங்கித் தருகிறேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகவே வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து தலை அளவு கொடுத்துவிட்டுப் போங்கள்.