சிவப்புக் கேடயமும் கருப்புக் கேடயமும்

அன்புள்ள சண்முகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளாவேளைக்கு விட்டுக்கொள். உன் சோம்பல் எனக்குத் தெரியும்.

நான் இன்னும் பிராங்பர்ட்டில் மகள் வீட்டில்தான் இருக்கிறேன். குளிருக்குப் பயந்து மியூசியங்களாகச் சுற்றுகிறேன். அதில் யூடன்காஸே, அதாவது யூதர் தெரு மியூசியம் மனதைவிட்டுப் போகவில்லை. 1462-இல் ஊரிலிருந்த யூதர்களை ஒரே ஒரு தெருவுக்குள் தள்ளி, இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கதவைப் பூட்டிவிடுவார்களாம். வீடுகளுக்கு எண் கிடையாது. வாசலில் தொங்கும் அடையாளம்தான் வீட்டின் பெயர். நாளடைவில் குடியிருந்தவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. கப்பல் வீட்டுக்காரர்கள் ஷிஃப் ஆனார்கள்.

ரோத்ஷில்ட் கதைதான் வேடிக்கை. 1560-களில் அவர்களின் முன்னோர் ஒருவர் 'சிவப்புக் கேடயம்' என்ற வீட்டில் இருந்தார். ஜெர்மனில் அதுதான் ரோத்ஷில்ட். அடுத்த நூற்றாண்டில் குடும்பம் வேறு வீட்டுக்குப் போயும் பழைய பெயரை விடவில்லை. வங்கித் தொழிலால் ஐரோப்பாவையே ஆட்டிவைத்த குடும்பத்தின் மூலவர் மாயர் ஆம்ஷெல் பிறந்தது 1744-இல். அவர் அந்தச் சிவப்புக் கேடய வீட்டில் வாழ்ந்ததே இல்லை! காசு சேர்ந்ததும் அவர் குடிபோனது 'பச்சைக் கேடயம்' என்ற வீட்டுக்கு. அதிலும் பாதியில்தான், மறுபாதி ஷிஃப் குடும்பத்துடையது. மாயரின் ஐந்து மகன்களும் பிராங்பர்ட், வியன்னா, லண்டன், நேப்பிள்ஸ், பாரிஸ் என்று ஆளுக்கொரு நகரில் மாளிகை கட்டிக்கொண்டார்கள். அம்மா கூட்லே மட்டும் 1849-இல் சாகும்வரை அந்த நெரிசல் தெருவை விட்டு நகரவில்லை. பிள்ளைகளைவிட அந்தக் கிழவியைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, இனி உன் விஷயம். ஒரு பொருளை எவ்வளவு சின்னதாக நசுக்கினால் கருந்துளை ஆகும் என்று சொல்லும் அளவை, நீ முப்பது வருஷம் வகுப்பில் 'ஷ்வார்ட்ஸ்-சைல்ட் ஆரம்' என்று நடத்தினாயே, அதில் சைல்டும் இல்லை, குழந்தையும் இல்லை. ஷ்வார்ட்ஸ்-ஷில்ட், அதாவது கருப்புக் கேடயம். அதுவும் இதே தெருவின் வீட்டுப் பெயர்தான். அந்த ஆரத்துக்குப் பெயர் தந்த விஞ்ஞானி கார்ல் ஷ்வார்ட்ஸ்-ஷில்ட் 1873-இல் இந்த ஊரில்தான் பிறந்தார். முதல் உலகப்போரில் ரஷ்ய முனையில் இருந்தபடியே ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டு, 1916-இல் 42 வயதில் நோயால் இறந்துபோனார். கருந்துளை என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததோ 1960-களில்தான். ஆக, கருப்புக் கேடயம், கருந்துளை என்ற பெயர்ப் பொருத்தம் முழுக்கத் தற்செயல். ஆனால் நீ இதை வைத்து ஒரு மணி நேரம் பேசுவாய்.

மார்ச்சில் மதுரைக்கு வருகிறேன். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வேலு