பிளெக்ஸ் கடைத் தம்பிகளுக்கு ஒரு பழைய போர்டு பெயின்டர் எழுதுவது

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் பிளெக்ஸ் அடிக்கும் தம்பிகளுக்கு வணக்கம்.

சம்பாவுக்கு முன்னால் என் மைத்துனரின் விதைக் கடைக்கு ஒரு போர்டு அடித்து வாங்கினோம். 'பொன்மணி விதை நெல் கிடைக்கும்'. சி.ஆர். 1009 என்றாலும் பொன்மணி என்றாலும் ஒரே நெல் ரகம்தான், நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுத்து நல்ல தடிமன், முனையெல்லாம் உருண்டை, கிட்டே நின்று பார்த்தால் பூரிப்பாக இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தால் வேறு கதை. புள்ளி எழுத்தோடு ஒட்டிவிட்டது. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண இரண்டிலும் சுழி அடைத்து ஒரே கறுப்புக் கட்டி. 'ணி'யின் கொக்கியும் மூடிக்கொண்டது. ஒரு பெரியவர் கடைக்குள் வந்து, "பொனமணீன்னு ஏதோ புது ரகமாப்பா?" என்று கேட்டார்.

காரணம் எனக்குப் பார்த்ததுமே புரிந்தது. மெலிந்த எழுத்தை எடுத்து, அதே நிறத்தில் அவுட்லைன் ஏற்றி, மூலையை உருட்டியிருக்கிறார்கள். அவுட்லைன் வெளியே மட்டும் வளராது, உள்ளேயும் வளரும். சுழிக்குள் இருக்கும் வெள்ளையைத் தின்றுவிடும். பிரஷில் எழுதிய காலத்தில் சுழிக்குள் எவ்வளவு வெள்ளை நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் தடிமன் ஏற்றுவோம். கோடும் கோடும் சேரும் இடத்தில் கொஞ்சம் இளைக்க விடுவோம். புள்ளியைத் தள்ளி வைப்போம். உருண்டைத் தடி எழுத்தாகவே வரைந்த ஃபான்ட்டில் இந்த வேலையெல்லாம் வரைந்தவரே செய்திருப்பார்.

அப்படிப்பட்டவை இலவசமாகவே கிடைக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் மும்பை ஏக் டைப் குழுவின் 'பலூ தம்பி 2' இருக்கிறது. அதில் ஐந்து தடிமன்கள். 'காயினி'யிலும் தமிழ் உண்டு. இரண்டும் திறந்த உரிமம், கடை வேலைக்கும் காசு கேட்க மாட்டார்கள். பழைய கோரல்டிராவில் இந்த யூனிகோடு ஃபான்ட்டைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும் என்பீர்கள். சரி, அந்த ஒரு வரியை வேறு மென்பொருளில் செய்து படமாகக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

ஜூஸ் கடை, மழலையர் பள்ளி, பொங்கல் வாழ்த்து, தள்ளுபடி என்றால் இந்த உருண்டைத் தடி எழுத்தைத் தாராளமாகப் போடுங்கள். இரண்டு மூன்று சொல்லுக்குத்தான் அது. முகவரி, போன் நம்பர், 'ஆழமான பகுதி, குளிக்காதீர்' போன்றவற்றுக்கு நிதானமான எழுத்து போதும். அப்புறம், தயவுசெய்து கண்ணீர் அஞ்சலிக்கு வேண்டாம். போன மாதம் ஒன்று பார்த்தேன். இறந்தவர் ஐஸ்கிரீம் கடை திறக்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

இடம் பார்த்து எழுத்தை மாற்றுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் அச்செழுத்து 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது அளவு பெரிதாக இருந்தது, காகிதம் கட்டுப்படியாகவில்லை. அங்கிருந்த மிஷன் பாதிரிமார்கள் இங்கேயே சிறிதாக வார்த்து 1715-இல் பைபிளின் புதிய ஏற்பாட்டை அச்சடித்து முடித்தார்கள்.

மைத்துனர் கடைக்கு மறுபடி ஒரு போர்டு வேண்டும். ஆறடிக்கு மூன்றடி. அடிப்பதற்கு முன்னால் ஏ4 தாளில் ஒரு பிரின்ட் எடுத்து, பத்தடி தள்ளி நின்று 'பொன்மணி' என்று வாசிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அட்வான்ஸ் தருகிறேன்.

இப்படிக்கு,
கும்பகோணம் பக்கத்துப் பழைய போர்டு பெயின்டர்