செயலாளரின் ஆண்டறிக்கை: இயற்பியல், புரோகிராமிங் ஆசிரியர் சங்கம்

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் தவறாமல் நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு முழுக்க நாம் பேசியது ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: விதியை ஒப்பிக்கிற, கணக்கையும் போட்டுவிடுகிற மாணவர், ‘அடுத்து என்ன ஆகும், சொல்லு’ என்று கேட்டால் ஏன் தடுமாறுகிறார்?

இயற்பியல் உறுப்பினர்கள் எடுத்துக்கொண்டது மேலே சுண்டிவிட்ட நாணயம். கையை விட்டுக் கிளம்பி ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் என்னென்ன விசைகள்? காற்றை விட்டுவிட்டால் ஈர்ப்பு விசை மட்டும்தான். ஆனால் நியூட்டன் விதிகளைப் பிசகாமல் எழுதுகிற பிள்ளைகளே, கை கொடுத்த விசை நாணயத்தோடு கூடவே போய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்கிறது என்கிறார்கள். 1992-ல் ஹெஸ்டெனஸ், வெல்ஸ், ஸ்வாக்ஹாமர் மூவரும் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வு முழுக்க இந்த மாதிரிக் கேள்விகள்தான். மாணவர்கள் மனதார நம்புகிற தவறுகளையே அதில் தவறான விடைகளாக வைத்தார்கள். அந்தத் தேர்வையும் அதன் முந்தைய வடிவத்தையும் எழுதிய 6,000-க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்களை ரிச்சர்ட் ஹேக் 1998-ல் தொகுத்தார். தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பிறகு பிடிபட்டது என்று பார்த்தால், வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 23 சதவீதம், மாணவர்களை யோசித்துப் பேசவிட்ட வகுப்புகளில் 48. இரண்டு மடங்கு! இதற்குப் பிறகும் வகுப்பு நேரம் முழுவதையும் நாமே பேசித் தீர்ப்பது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

புரோகிராமிங் பக்கமும் இதே கதைதான். அ = 5, அப்புறம் ஆ = அ, அப்புறம் அ = 7. இப்போது ஆ எவ்வளவு? விடை 5, ஏனென்றால் புரோகிராமில் ‘=’ என்பது வலப்பக்கத்தில் அப்போது இருக்கும் மதிப்பை இடப்பக்கப் பெயரில் வைப்பது மட்டும்தான். நிறையப் பேர் 7 என்கிறார்கள், காரணமும் வைத்திருக்கிறார்கள்: கணக்குப் பாடத்தில் இரண்டும் சமம் என்றால் எப்போதும் சமம்தானே. அந்தக் காரணத்தைக் கேட்காமல் ‘தப்பு’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், லூப், அதாவது அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, வரும்போது அதே குழப்பம் பெரிதாகி வந்து நிற்கும். கணினிக் கல்வி ஆய்வாளர் ரேமண்ட் லிஸ்டர் பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், சின்னப் புரோகிராமை வரிவரியாகப் படித்து முடிவைச் சொல்வதே பலருக்குக் கைவரவில்லை என்று தெரிந்தது. படிக்கவே வராதபோது எழுதச் சொல்லி என்ன பயன்? அதனால்தான் ஒவ்வொரு வரிக்கும் வேரியபிளின் (அ, ஆ மாதிரி மதிப்பை வைத்திருக்கும் பெயரின்) மதிப்பைத் தாளில் கட்டம் போட்டு எழுதவைப்பதையும், சரியான புரோகிராமின் வரிகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்வதையும் பரிந்துரைத்தோம். இரண்டாவது, பார்சன்ஸும் ஹேடனும் 2006-ல் முன்வைத்த பயிற்சி.

இரு பக்கத்துக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டது இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1990-களில் வளர்த்த முறை. கேள்வியைப் போடு, ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடட்டும், மறுபடி விடை சொல்லட்டும், அதற்குப் பிறகு நாம் விளக்கலாம். கிட்டத்தட்ட எல்லோரும் சரியாகச் சொன்னாலோ யாருமே சொல்லாவிட்டாலோ வாதத்தில் ஒன்றும் தேறாது, ஆகவே கேள்வியைப் பொறுக்குவதில்தான் பாதி வேலை.

‘சார் பாடமே நடத்துறதில்ல’ என்று மாணவர்கள் குறைப்படுவார்களே என்ற கவலையைச் சில உறுப்பினர்கள் எழுப்பினார்கள். நியாயமான கவலை. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளை வைத்து 2019-ல் வந்த ஆய்விலும் இதுதான் தெரிந்தது: இப்படி யோசித்துப் பேசிப் படித்தவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிட அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தடுமாறுவதைப் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதை முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் திறந்து சொல்லிவிடுவது நல்லது.

வரும் ஆண்டில் இயற்பியலில் மின்சுற்றுக்கும், புரோகிராமிங்கில் ஃபங்ஷனுக்கும் (பெயர் வைத்துத் தேவைப்படும்போது அழைக்கும் வரித் தொகுப்புக்கும்) கேள்வித் தொகுப்பு தயாரிக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் மாணவர்கள் சொன்ன தவறான விடைகளை, அவர்கள் சொன்ன காரணத்தோடு, அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக் கொண்டுவாருங்கள். மாணவர் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்